கடைசி வரிசைப் பிள்ளை

"கண்ணை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரித்துவிடுங்கள், ஐயா" என்று சொல்லிப் பிள்ளையை உபாத்தியாயரிடம் ஒப்படைக்கும் வழக்கம் நம் கிராமங்களில் தலைமுறை தலைமுறையாக இருந்துவருவது; அப்படிச் சொல்லுகிறவர்களுக்குப் பிள்ளைமீது அன்பில்லை என்று எவரும் நினைத்துவிடக் கூடாது. திருவண்ணாமலையை அடுத்த கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்தில், தாயும் தகப்பனும் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்விட, பேரனைத் தனியே வளர்க்கும் பாட்டி ஒருத்தி இவ்வாறு சொல்வாளானால், தன்னால் ஆகாத காரியத்தைப் பள்ளிக்கூடம் செய்துதரும் என்ற பரிபூரண நம்பிக்கையே அந்த வார்த்தைகளில் தொனிக்கிறது.

பிரம்பின் காலம் சட்டப்படி முடிந்துவிட்டது. 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், தன் 17ஆம் பிரிவில், உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் ஒருசேர விலக்கியது, விலக்கியது நியாயமே. ஆனால், "அடிக்கவும் கூடாது, வையவும் கூடாது என்றால் நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு நாங்கள் என்னதான் செய்வது?" என்று ஆசிரியர்கள் கேட்கும்போது, அக்கேள்வியை அலட்சியமாகத் தள்ளிவிடுவதும் அநியாயம். பிரம்பை வாங்கிக்கொண்ட கையோடு வேறொரு வழியை அவர்களுக்குக் காட்டியிருக்க வேண்டும்.

எட்டாம் வகுப்புப் பையன் ஒருவனை மனத்தில் நிறுத்திக்கொள்வோம். தமிழ்ப் பாட வேளையில் பிள்ளைகள் வரிசையாக எழுந்து உரக்கப் படித்துக்கொண்டு வர, தன் முறைக்கு இன்னும் இரண்டு பேர் இருக்கும்போதே, அவன் பக்கத்துப் பையனின் நோட்டைப் பிடுங்கிக் கிழிக்கிறான், கூச்சல் எழுகிறது, "வெளியே போடா!" என்று ஆணை பிறக்கிறது, அவனும் போய் வேப்பமரத்தடியில் நிற்கிறான். தண்டித்துவிட்டதாக ஆசிரியர் எண்ணுகிறார். பையனோ, அத்தனை பேர் முன்னிலையில் எழுத்துக் கூட்டித் தடுமாறும் அவமானத்திலிருந்து அன்றைக்குத் தப்பிவிட்டான். ஆகவே நாளைக்கும் கிழிப்பான்.

இதனால்தான், ஒரு செய்கைக்கு முன் என்ன நடந்தது, செய்கை யாது, அதன்பின் பிள்ளைக்குக் கிடைத்தது என்ன என்ற மூன்றையும் சில நாட்கள் விடாமல் குறித்துவரும்படி மனோதத்துவ அறிஞர்கள் சொல்லுகிறார்கள். அப்படிக் குறித்தால், கணக்கு வேளையில் சாதுவாக இருப்பவன் வாசிப்பு வேளையில் மட்டும் முரடனாவது பிரத்தியட்சமாகத் தெரிந்துவிடும். முதல்நாளே ஒரு பத்தியைக் கொடுத்து, "நாளைக்கு இதை மட்டும் படி, போதும்" என்று தனியே சொல்லிப் பார்க்கலாம். கரும்பலகை எழுத்து அவன் கண்ணுக்குத் தெரிகிறதா என்று சோதிக்கலாம். எழுத்துகள் மனத்தில் நிற்காத கற்றல் குறைபாடாக இருந்தால், 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதையும் ஒரு குறைபாடாக அங்கீகரித்திருப்பதால், சிறப்பாசிரியரின் துணையை நாடலாம்.

காரணங்கள் வேறாகவும் இருக்கக்கூடும். பசித்த வயிற்றுக்குப் பொறுமை இராது. 2022இல் தொடங்கிய காலை உணவுத் திட்டம் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அந்தக் குறையைத் தீர்த்தது. ஐந்தாம் வகுப்பைத் தாண்டினால் மட்டும் பசி நின்றுவிடுமா? குடித்துவிட்டு வரும் தகப்பனுக்கு அஞ்சி உறங்காத பிள்ளை வகுப்பில் சிடுசிடுக்கிறது. நேற்றுவரை கலகலப்பாக இருந்த பெண் திடீரென்று எரிந்து விழுந்தாலோ, வாயே திறக்காமல் போனாலோ, அவளுக்கு யாரேனும் தீங்கு இழைத்திருக்கிறார்களா என்று உடனே, ஆனால் மெல்ல, விசாரித்தாக வேண்டும். குழந்தைகளுக்கான 1098, பள்ளிக் கல்வித்துறையின் 14417 ஆகிய தொலைபேசி எண்கள் அதற்கென்றே இருக்கின்றன.

ஊரின் சாதி வெறுப்பும் ஒரு காரணமே. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், ஒரு மாணவனை வீடு புகுந்து சக மாணவர்களே வெட்டிய கொடுமைக்குப் பின், அரசு நியமித்த நீதிபதி சந்துரு குழு, பெரிய பள்ளிகளுக்கு நல அலுவலர்கள் வேண்டும் என்று மறு ஆண்டு சிபாரிசு செய்தது. பிள்ளைகளின் கையிலுள்ள வெறுப்பு பெரியவர்கள் கொடுத்தது. ஆதலால் ஊரையும் சேர்த்துத் திருத்தாமல் அவர்களை மட்டும் திருத்த முற்படுவது வியர்த்தம்.

என் அபிப்பிராயத்தில், கீழ்பென்னாத்தூர் போன்ற ஊர்களுக்கு அவசரமாக வேண்டியது ஒன்றுதான். மனநல மருத்துவரைப் பார்க்கத் திருவண்ணாமலை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் பேருந்தேற வேண்டுமானால், அந்தப் பாட்டிக்கு ஒருநாள் கூலி போகிறது. இரண்டாம் முறை அவள் வரமாட்டாள். ஆகவே மனநல ஆலோசகர், வாரத்தில் குறிப்பிட்ட ஒரு கிழமையில், பள்ளிக்கே வந்து, ஆசிரியரின் குறிப்பேட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு அவரோடும் அவளோடும் உட்கார்ந்து பேச வேண்டும்.