ஒப்பந்தத் தொழிலாளரும் புதிய பொருளும்

புதிய மாடல் கார் ஒன்று வரைபடத்தோடு முடிந்துவிடுவதில்லை. கதவு சரியாகப் பொருந்துகிறதா, எந்தத் திருகை முடுக்கக் கை எட்டவில்லை, எந்தப் பாகம் ஓரத்தில் பிசிறடிக்கிறது என்பதெல்லாம் உற்பத்தி வரிசையில் நிற்பவருக்குத்தான் முதலில் தெரியும். அவர் கண்டது வடிவமைப்பாளரின் காதுக்கு எட்டினால் அடுத்த மாடல் மேம்படும். தற்காலிக வேலைமுறை பெருகும்போது அடைபடுவது இந்த வழிதான்.

ஜப்பானின் டொயோட்டா நிறுவனம் 1951-இல் தொழிலாளரிடம் யோசனை கேட்டுப் பரிசளிக்கும் திட்டத்தைத் தொடங்கியது. வேலை நிலைக்கும் என்ற நம்பிக்கையில்தான் அது வேர்விட்டது. ‘இந்த வேலைக்கு இரண்டு பேர் போதும், மூன்று பேர் வேண்டாம்’ என்று சொல்பவர், அந்த மூன்றாவது ஆள் தானாகிவிடுவோமோ என்று அஞ்ச வேண்டியிருக்கவில்லை. 2004-இல் ஜப்பானியச் சட்டம், முகவர் நிறுவனங்கள் வழியாகத் தொழிற்சாலைகளுக்கும் ஆள் அனுப்ப அனுமதித்தது. தொடக்கத்தில் ஓராண்டு வரை மட்டும். 2008 உலக நிதி நெருக்கடியில் முதலில் வேலையிழந்தவர்கள் இப்படி அனுப்பப்பட்டவர்களே. வேலையோடு கிடைத்த விடுதி அறையையும் இழந்த பலர் அந்த ஆண்டு இறுதியில் டோக்கியோவின் ஹிபியா பூங்காவில் கூடாரங்களில் தங்கினர். ஓராண்டில் வெளியேறப் போகிறவர், மூன்றாண்டு கழித்து வரும் மாடலைப் பற்றி எதற்காக யோசிக்க வேண்டும்? விரைவில் போகிறவருக்குப் பயிற்சி தர நிறுவனமும் முன்வருவதில்லை.

எல்லாத் தற்காலிக வேலையும் இப்படியல்ல. அச்சு வடிவமைப்பாளர், மென்பொருள் வல்லுநர் போன்றோர் ஒரு திட்டத்துக்கு மட்டும் வரும்போது, பிற ஆலைகளில் கற்றதையும் கூடவே கொண்டு வருகிறார்கள். நெதர்லாந்தில் பணியாற்றிய பொருளியலாளர் ஆல்ஃபிரெட் கிளைன்க்னெக்ட் இந்த வேறுபாட்டை எடுத்துக்காட்டியவர். அனுபவ அறிவு ஆண்டுக்கணக்கில் சேரும் தொழில்களில்தான் நிலையற்ற வேலை புதுமையைக் குறைக்கிறது என்பது அவர் வாதம். இயந்திரத் தயாரிப்பும் வாகனத் தயாரிப்பும் அத்தகைய தொழில்களே. மலிவாக ஆள் கிடைக்கும்போது புது இயந்திரம் வாங்கும் அவசரமும் தணிந்துவிடுகிறது.

இந்தியாவின் ஆண்டுத் தொழிற்சாலைக் கணக்கெடுப்பின்படி, 2022-23-இல் தொழிலாளர்களில் ஏறத்தாழ 40 விழுக்காட்டினர் ஒப்பந்தக்காரர் மூலம் வந்தவர்கள். நிரந்தரத் தொழிலாளியின் பக்கத்தில் நின்று அதே திருகை முடுக்கினாலும், ஆலையின் சம்பளப் பட்டியலில் இவர்கள் பெயர் இருப்பதில்லை. சொந்த வடிவமைப்பில் பொருள் செய்ய விரும்பும் நிறுவனங்கள், வரிசையில் நிற்கும் இந்தக் கைகளைச் சில ஆண்டுகளாவது ஓரிடத்தில் நிலைக்கவிட வேண்டும்.