சனியின் வடதுருவத்து அறுகோணம்

சனிக் கிரகத்தின் வடதுருவத்தை, ஏறத்தாழ 78 பாகை அட்சரேகையில், காற்றுப் பிரவாகம் ஒன்று சுற்றி ஓடுகிறது. விநாடிக்கு சுமார் 100 மீட்டர் வேகத்தில் பாயும் அந்தப் பிரவாகம், வட்டமாக ஓடாமல், பக்கம் ஒவ்வொன்றும் பூமியின் விட்டத்தைக் காட்டிலும் நீண்டதாக, ஆறு பக்கங்கள் கொண்ட உருவமாக ஓடுகிறது. 1980, 1981ஆம் ஆண்டுகளில் வாயேஜர் விண்கலங்கள் அனுப்பிய படங்களைத் துருவத்தின் மேலிருந்து காண்பதுபோலப் பொருத்திப் பார்த்த டேவிட் காட்ஃப்ரே, 1988இல் இதை உலகுக்கு அறிவித்தார். வாயேஜர் படங்களுக்குக் கால் நூற்றாண்டு கழிந்து காசினி விண்கலம் நோக்கியபோதும் அந்த உருவம் குலையாமல் நின்றிருந்தது.

இதன் காரணத்தை அறிய, சுழலும் திரவங்கள், வாயுக்களின் சுபாவத்தை முதலில் அறிதல் வேண்டும். வெவ்வேறு வேகங்களில் அடுத்தடுத்து ஓடும் இரு பிரவாகங்களுக்கு நடுவே, வேகம் சடுதியில் மாறுகின்ற இடைப்படலம் ஒன்று உண்டாகிறது. அந்தப் படலம் எளிதில் நெளிந்து, சுருண்டு, சுழல்களாக உடையக்கூடியது என்பதை ஹெல்ம்ஹோல்ட்ஸும் கெல்வினும் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கணித்தனர். திரவம் முழுவதுமே ஓர் அச்சைப் பற்றி விரைந்து சுழலுமாயின், அதற்கு ஒரு விசித்திரமான விறைப்பு வந்துவிடுகிறது. அடியிலிருந்து மேல்மட்டம் வரை நீர் தூண் தூணாகவே நகர முற்படும் என்று ப்ரவுட்மன் 1916இல் கணிதத்தால் காட்டியதை, ஜி. ஐ. டெய்லர் பின்னர் சோதனையால் மெய்ப்பித்தார். ஆகையால் சுழலும் தொட்டியின் அடித்தளத்தில் ஒரு தட்டு மட்டும் சற்று அதிக வேகமாகச் சுற்றினால், அத்தட்டின் விளிம்புக்கு நேர் மேலே, கண்ணுக்குத் தெரியாத ஒரு மதிலைப் போல், இடைப்படலம் செங்குத்தாக எழுந்து நிற்கிறது. அதன் அமைப்பை 1957இல் ஆராய்ந்த ஸ்டூவர்ட்ஸன், சுழற்சி வலுப்பெறும் அளவுக்கு அது மெல்லியதாகிறது என்று கண்டார்.

அப்படலம் எப்போது நிலைகுலையும்? பிரவாகத்துக்குள் நீர்த்துளிகளின் தற்சுழற்சி ஓரிடத்தில் உச்சத்தையோ தாழ்வையோ அடைந்து திரும்பினாலன்றி அலை வளராது என்பது, 1880இல் ராலே பிரபு வகுத்த நியதி. கிரகச் சுழற்சியின் விளைவோ அட்சரேகைக்கு அட்சரேகை வேறுபட்டு, இந்தத் திருப்பத்தை எதிர்த்து நிற்கிறது. பிரவாகத்தின் வேகமாறுபாடு அந்த எதிர்ப்பை வெல்லும் இடத்தில்தான் குழப்பம் தலைதூக்க முடியும் என்று 1949இல் குவோ விளக்கினார்.

குழப்பம் என்றேனே, உண்மையில் விளைவது குழப்பமன்று. வளரும் அலை ஓரளவுக்கு மேல் வளராமல், தன்னை ஊட்டிய வேக வேறுபாட்டோடு சமரசம் செய்துகொண்டு, வட்டத்தைச் சுற்றி முழு எண்ணிக்கையான மடிப்புகளாக அமைந்து, சீராகச் சுழலத் தொடங்கிவிடுகிறது. ஸ்திரத்தன்மையின் இழப்பே வேறொரு ஸ்திரமான வடிவத்துக்குத் தாயாவது, இந்த இயலில் என்னைப் பெரிதும் கவர்ந்த உண்மை. 2010இல் ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த அனா அகியரும் பீட்டர் ரீடும் அவர்களுடைய சகாக்களும் வெளியிட்ட சோதனையில், சுழலும் நீர்த்தொட்டிக்குள் ஒரு வளையத்தை அதைவிட வேகமாகச் சுழற்ற, அறுகோணமும் முக்கோணமும் பிற பலகோணங்களும் சாயக் கோடுகளில் தெளிவாகத் தோன்றின. வேக வேறுபாடு மிகுந்தபோது பக்கங்களின் தொகை குறைந்தது. ஆறு என்ற எண்ணில் தெய்வீக ரகசியம் ஏதுமில்லை. படலத்தின் கனமும், சுற்றளவும், வேகமும் கூடித் தேர்ந்த எண் அது.

ஆயினும் சனியின் விஷயம் இத்துடன் தீர்ந்துவிடவில்லை. தொட்டியில் ஒவ்வொரு பக்கத்தையும் ஒட்டி வலிய சுழல்கள் காணப்பட்டன. சனியில் அத்தகைய பெருஞ்சுழல்கள் காணப்படவில்லை. ஆதலால், ஆழமற்ற மேகமண்டலத்தில் பிரவாகம் தானே வளைந்து நெளிவதே இவ்வடிவம் என்று சிலரும், கிரகத்தின் உள்ளாழத்திலிருந்து பொங்கியெழும் வெப்பக் கிளர்ச்சியே இதை வகுக்கிறது என்று வேறு சிலரும் கணினி மாதிரிகளைக் கொண்டு வாதிடுகின்றனர். எந்த விளக்கம் நிலைபெற வேண்டுமாயினும், தென்துருவத்தைச் சுற்றியும் வேகமான பிரவாகம் ஓடியும் அங்கே அறுகோணம் எழாதது ஏன் என்ற கேள்விக்கும் அது விடை சொல்லியாக வேண்டும்.