நகரத்துக் கணனித் தொழிலுக்குப் பேச ஒரு சங்கம் உண்டு. எமது பிள்ளைகளுக்குப் பேச யார் உண்டு?

சிறுபோகம் தொடங்குமுன் நடைபெறும் பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டத்தை நாம் எல்லோரும் அறிவோம். குளத்தில் எவ்வளவு தண்ணீர் நிற்கின்றது, மதகு எந்தத் திகதியில் திறக்கப்படும், எத்தனை ஏக்கரில் விதைக்கலாம் என்பனவெல்லாம் அங்கேதான் தீர்மானிக்கப்படுகின்றன. கமக்காரர் அமைப்பாகச் சேர்ந்து சென்று, எழுந்து பேசுகின்றவர்களின் வாய்க்காலுக்குத் தண்ணீர் வருகின்றது. வாய்க்காலின் கடைக்கோடியில் வயல் வைத்திருப்பவர் அந்தக் கூட்டத்தில் வாய் திறக்காவிட்டால், பயிர் குடலைப் பருவத்துக்கு வரும்போது அவருடைய வயல் வெடித்துக் கிடக்கும்.

வேறு தொழில்களின் நிலையும் இதுதான். கப்பல்துறையிலும் சுற்றுக் கிராமங்களிலும் வாழும் எம்மில் பலர், கணனித் தொழில் என்பது நகரத்தவர்களுக்குத் தானாகக் கிடைத்த பாக்கியம் என்று எண்ணுகின்றோம். அது தானாக வரவில்லை. அதற்காகக் கேட்டவர்கள் இருந்தார்கள். அவர்கள் எவ்வாறு கேட்டார்கள், அதில் எமது பிள்ளைகளுக்கு இடம் உண்டா என்பதை இக்கட்டுரையில் பார்ப்போம்.

இத்தகைய அமைப்பு என்றால் என்ன?

ஒரு நகரத்திலோ பிரதேசத்திலோ கணனித் தொழில் வளர வேண்டும் என்று விரும்புகின்றவர்கள் சேர்ந்து இலாப நோக்கற்ற ஓர் அமைப்பை உருவாக்குவதுண்டு. மென்பொருள் எழுதி விற்பது அந்த அமைப்பின் வேலை அன்று. அத்தொழிலுக்காகப் பரிந்து பேசுவதே அதன் வேலை. பொதுவாக அது மூன்று காரியங்களைச் செய்கின்றது.

முதலாவது, அரசாங்கத்திடம் கேட்பது. தடையற்ற மின்சாரம், நல்ல தொலைத்தொடர்பு, வரிச் சலுகை, பாடத்திட்டத்தில் மாற்றம் ஆகியன இதில் அடங்கும். இரண்டாவது, வெளியிலிருந்து வேலையையும் முதலீட்டையும் அழைத்து வருவது. மூன்றாவது, இளைஞர்களைப் பயிற்றுவிப்பதும் போட்டிகள் நடத்தி அவர்களை ஊக்குவிப்பதும் ஆகும்.

இதற்குப் பெயர் பெற்ற இடம் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திலுள்ள சிலிக்கன் பள்ளத்தாக்கு. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் அது பழத்தோட்டங்கள் நிறைந்த கமக்கார நாடு என்பதை எம்மில் பலர் அறியோம். அங்குள்ள ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தைச் சுற்றி மின்னணுத் தொழில் வளர, தோட்டங்கள் படிப்படியாகத் தொழிற்சாலைகளாகவும் வீடுகளாகவும் மாறின. பிற்காலத்தில் அத்தொழிலும் தளர்ந்தது. அப்பொழுது, 1993ஆம் ஆண்டில், கம்பனிகளும் உள்ளூராட்சி மன்றங்களும் கல்வி நிறுவனங்களும் ஒரே மேசையில் இருந்து பேசுவதற்காக இலாப நோக்கற்ற ஓர் அமைப்பை அங்கே தொடங்கினார்கள். அவ்வளவு செல்வம் படைத்த இடத்திலும் சேர்ந்து கேட்பதற்கு ஒரு சங்கம் தேவைப்பட்டது.

இந்தியாவின் அனுபவம்

1985ஆம் ஆண்டில் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் எனும் அமெரிக்கக் கம்பனி பெங்களூரில் நிலையம் அமைத்தது. அங்கே செய்த வேலையைச் செய்மதி மூலம் அமெரிக்காவுக்கு அனுப்பியது. ஏனைய சிறு கம்பனிகளுக்கு அந்த வசதி இருக்கவில்லை. 1988இல் இந்திய மென்பொருள் கம்பனிகள் சேர்ந்து நாஸ்கொம் எனும் சங்கத்தை அமைத்தன. தனித்தனியே கேட்டுக் கிடைக்காதவற்றை அவை ஒன்றாக நின்று கேட்டன. 1991இல் இந்திய மத்திய அரசு மென்பொருள் தொழில்நுட்பப் பூங்காக்கள் எனும் நிறுவனத்தை உருவாக்கி, சிறு கம்பனிகளும் பயன்படுத்தக்கூடியதாகத் தொடர்பு வசதிகளைக் கொடுத்தது. சென்னைத் தரமணியில் 2000ஆம் ஆண்டில் டைடல் பூங்கா எனும் 13 மாடிக் கட்டடம் திறக்கப்பட்டது. தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து படித்து வந்த பிள்ளைகள் பலருக்கு அந்தத் தெரு வேலைத்தலமாயிற்று.

இதற்கு மறுபக்கமும் உண்டு. பெங்களூரின் எலெக்ட்ரானிக் சிட்டி 1970களின் பிற்பகுதியில் கோனப்பன அக்ரஹாரம், தொட்டதொகூர் எனும் கிராமங்களின் பக்கம், முந்நூறு ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தில் அமைக்கப்பட்டது. இன்று அந்தப் பெயரைக் கேட்டால் கண்ணாடிக் கட்டடங்கள்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வருகின்றன. கிராமங்களின் பெயர் யாருக்கும் வருவதில்லை. தொழிலுக்காகப் பேசும் சங்கம் தொழிலுக்காகவே பேசும். கிராமத்துக்காகப் பேசுவது அதன் கடமை என்று அது எண்ணுவதில்லை. இதை நாம் குறையாகச் சொல்லவில்லை. எமது பக்கத்தை நாமே பேச வேண்டும் என்பதற்காகச் சொல்கின்றோம்.

யாழ்ப்பாணத்தில் நடந்தது

"இவையெல்லாம் பெரிய நாடுகளின் கதை" என்று நீங்கள் சொல்லலாம். எனவே எமக்கு அருகில் நடந்த ஒன்றைப் பார்ப்போம்.

1990 முதல் நீண்ட காலம் யாழ்ப்பாணத்துக்குத் தேசிய மின்தொகுதியிலிருந்து மின்சாரம் கிடைக்கவில்லை. ஏ9 வீதி பலமுறை மூடப்பட்டது. போர் 2009 மே மாதத்தில் முடிந்தபோது, படித்த இளைஞர்களில் வசதியுள்ளவர்கள் கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் போய்க்கொண்டிருந்தார்கள். அந்த நிலையில், கணனித் துறையில் வேலை செய்த தமிழ் இளைஞர்கள் சிலர் தொண்டர்களாகச் சேர்ந்து 'யாழ் ஐ.ரி. ஹப்' எனும் இலாப நோக்கற்ற அமைப்பைத் தொடங்கினார்கள். யாழ்ப்பாணத்தை அடுத்த சிலிக்கன் பள்ளத்தாக்காக ஆக்குவதே அவர்கள் வெளிப்படையாகச் சொன்ன இலட்சியம். தேசிய மின்தொகுதியின் மின்சாரம் யாழ்ப்பாணத்துக்கு 2013இலும், கொழும்பிலிருந்து ரயில் 2014இலும்தான் திரும்பி வந்தன. அவர்களோ அதற்கு முன்னரே வேலையைத் தொடங்கிவிட்டார்கள்.

2012இல் அவர்கள் 'யாழ் கீக் சலஞ்ச்' எனும் போட்டியை ஆரம்பித்தார்கள். இளைஞர்கள் குழுவாகச் சேர்ந்து, மக்களின் ஏதாவதொரு பிரச்சினைக்குக் கணனி மூலம் தீர்வு சொல்ல வேண்டும். அனுபவமுள்ளவர்கள் அவர்களுக்கு வழிகாட்டுவார்கள். பாடசாலை மாணவர்களுக்கும் தனிப் பிரிவு வந்தது. 2017இல் 'ஊக்கி' எனும் பயிற்சிப் பள்ளியும் தொடங்கப்பட்டது. பல்கலைக்கழக வாய்ப்புக் கிடைக்காத இளைஞர்கள் மென்பொருள் எழுதப் பழகி வேலைக்குப் போக வேண்டும் என்பது அதன் நோக்கம்.

யாழ்ப்பாணம் சிலிக்கன் பள்ளத்தாக்காக ஆகிவிட்டதா என்றால், இல்லை. ஆனால் கொழும்புக்கு வெளியே, போரில் அடிபட்ட ஒரு தமிழ் நகரத்திலும் இத்தொழிலைக் கேட்கலாம் என்பதை அந்த இளைஞர்கள் காட்டியிருக்கின்றார்கள். கொழும்பு வாய்க்காலின் தலைப்பில் இருக்கின்றது. யாழ்ப்பாணம் நடுவில் நின்று கேட்டுப் பெற்றது. கடைக்கோடியில் இருக்கும் நாம் இன்னும் கூட்டத்துக்கே போகவில்லை.

திருகோணமலையும் காணியும்

எமது மாவட்டத்தில் தொழில் என்றால் துறைமுகம், எண்ணெய்க் குதங்கள், மாவு ஆலை, சீமெந்து ஆலை என்பனவே நினைவுக்கு வரும். ஆனால் நிலாவெளியை அடுத்த கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் இருக்கின்றது. அங்கே கணனி விஞ்ஞானம் கற்பிக்கப்படுகின்றது. ஆகவே கணனி படித்தவர்கள் எமது மாவட்டத்திலேயே உருவாகின்றார்கள். வேலையைத் தேடித்தான் அவர்கள் வெளியே போகின்றார்கள்.

'தொழில் வருகின்றது' என்ற சொல்லைக் கேட்டதும் இடம்பெயர்ந்த எமக்கு அச்சம் வருவது இயல்பு. சம்பூர் மக்கள் 2006 ஏப்ரலில் இடம்பெயர்ந்தார்கள். அவர்களுடைய காணி முதலில் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போனது. 2012இல் அதில் 818 ஏக்கர் கைத்தொழில் வலயத்துக்கென ஒதுக்கப்பட்டது. கிளிவெட்டி, பட்டித்திடல், கட்டைபறிச்சான் முகாம்களில் இருந்துகொண்டு அம்மக்கள் தமது காணியைத் தொடர்ந்து கேட்டார்கள். 2015இல் அந்த ஒதுக்கீட்டை ஜனாதிபதி இரத்துச் செய்தார். மக்கள் படிப்படியாக ஊர் திரும்பினார்கள்.

இதிலிருந்து ஒன்றை மனதில் வைத்துக்கொள்வோம். மென்பொருள் எழுதும் தொழிலுக்கு வயல் தேவையில்லை. ஒரு கட்டடம், மின்சாரம், இணையத் தொடர்பு, பயின்ற ஆட்கள் ஆகியவையே அதற்கு வேண்டியவை. ஆகவே யாராவது வந்து "கணனித் தொழிலுக்காக நூற்றுக்கணக்கான ஏக்கர் வேண்டும்" என்று கேட்டால், அவ்வளவு காணி எதற்கு, அங்கே என்ன கட்டப்படும், எத்தனை பேருக்கு வேலை, மாற்றுக்காணி எங்கே என்று எழுத்தில் கேட்போம். எழுத்தில் பதில் கிடைக்கும்வரை எந்தப் பத்திரத்திலும் கையொப்பம் இடாதிருப்போம்.

பயிற்சிக்குப் பணம் கட்டுமுன்

காணியைப் போலவே நகையையும் காக்க வேண்டியுள்ளது. பிள்ளையின் கணனி டிப்ளோமாவுக்காகத் தாலிக்கொடியை அடகு வைத்த குடும்பங்கள் எம் மத்தியில் உண்டு. சான்றிதழ் வீட்டில் இருக்கும், வேலை இருக்காது. ஆகவே பணம் கட்டுமுன் இவற்றை விசாரிக்க வேண்டும்.

1. அந்த நிறுவனம் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு செய்யப்பட்டதா? அங்கே தரும் சான்றிதழ் தேசிய தொழிற் தகைமையின் எத்தனையாம் மட்டத்தைச் சேர்ந்தது?

2. அதே பயிற்சி தொழிற்பயிற்சி அதிகார சபையிலோ தொழில்நுட்பக் கல்லூரியிலோ இலவசமாக அல்லது குறைந்த கட்டணத்தில் கிடைக்கின்றதா?

3. சென்ற ஆண்டு அங்கே படித்தவர்களுள் யார் யாருக்கு எங்கே வேலை கிடைத்தது? அவர்களில் இருவரையாவது நேரில் கண்டு கேட்க வேண்டும்.

4. வேலை தருவதாகச் சொல்லி முற்பணம் கேட்கின்றார்களா? வேலைக்கு ஆள் எடுப்பவர் சம்பளம் கொடுப்பவர். எம்மிடம் பணம் கேட்பவரின் வியாபாரம் வேறு.

5. ஆங்கிலமும் கற்பிக்கின்றார்களா? வாடிக்கையாளர் வெளிநாட்டவராக இருக்கும் தொழிலில் ஆங்கிலம் இல்லாமல் அதிக தூரம் போக முடியாது.

இன்னுமொரு விடயம். தட்டச்சு செய்வதையும் எளிய நிரல்கள் எழுதுவதையும் இன்று செயற்கை நுண்ணறிவு எனும் மென்பொருளே பெருமளவு செய்கின்றது. எனவே மூன்று மாதத்தில் தட்டச்சுப் பழகிய பிள்ளைக்கு இருபது ஆண்டுகளுக்கு முன் இருந்த மதிப்பு இன்று இல்லை. கணிதத்தையும் மொழியையும் நன்கு படித்து, ஒரு பிரச்சினையைப் பிரித்து ஆராயத் தெரிந்த பிள்ளைக்கே இடம் உண்டு. க.பொ.த. சாதாரண தரத்தில் கணிதத்தில் சித்தியடைய உதவுவது, டிப்ளோமாவுக்குப் பணம் கட்டுவதை விட முக்கியமானது.

நாம் கேட்க வேண்டியவை

தொழிற் சங்கங்கள் அமைச்சரிடம் போகும்போது வெறுங்கையோடு போவதில்லை. எத்தனை கம்பனிகள், எத்தனை வேலையாட்கள், எவ்வளவு வருமானம் என்ற எண்ணிக்கையோடு போகின்றார்கள். நாமும் அவ்வாறே போக வேண்டும். எண்ணிக்கை இல்லாத கோரிக்கை புலம்பலாகவே கேட்கும்.

ஆகவே ஒவ்வொரு கிராம அபிவிருத்திச் சங்கமும் மாதர் சங்கத்துடன் சேர்ந்து ஒரு கொப்பியில் இவற்றை எழுதட்டும். எமது கிராமத்தில் சாதாரண தரம் முடித்த பிள்ளைகள் எத்தனை பேர்? கணிதத்தில் சித்தியடைந்தவர்கள் எத்தனை பேர்? உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவில் படிப்பவர்கள் யார்? இடம்பெயர்வில் பிறப்பத்தாட்சிப் பத்திரத்தையும் பரீட்சைச் சான்றிதழையும் இழந்தவர்கள் யார்? இவ்வாறு இழந்தவர்கள் பிறப்பத்தாட்சிப் பத்திரப் பிரதியைப் பிரதேச செயலகத்திலும், பரீட்சைப் பெறுபேற்றைப் பரீட்சைத் திணைக்களத்திலும் விண்ணப்பித்துப் பெறலாம். இதைப் பயிற்சிக்கு அழைப்பு வரும்வரை தள்ளிப்போட வேண்டாம்.

கொப்பி தயாரானதும், கணனித் தொழிலுக்காகப் பேசும் அமைப்புகளுக்கும் திருகோணமலை வளாகத்துக்கும் பிரதேச செயலாளருக்கும் சங்கத்தின் பெயரில் கடிதம் எழுதுவோம். போட்டிகளையும் தெரிவுப் பரீட்சைகளையும் எமது மாவட்டத்திலும் நடத்தும்படி கேட்போம். தெரிவுப் பரீட்சையைத் தமிழிலும் வைக்கும்படி கேட்போம். தூர இடத்துக்குப் பயிற்சிக்குப் போகும் பெண்பிள்ளைகளுக்குப் பாதுகாப்பான தங்குமிடத்தைக் கேட்போம். பட்டதாரிகளுக்கு மட்டுமன்றி, சாதாரண தரத்தோடு நின்ற பிள்ளைகளுக்கும் ஒரு படி இருக்கும்படி கேட்போம்.

கேட்பதற்கு மட்டுமன்றி, கொடுப்பதற்கும் எம்மிடம் ஒன்று உண்டு. போட்டிகளில் பங்குபற்றும் இளைஞர்கள் தீர்ப்பதற்குரிய பிரச்சினைகளைத் தேடித் திரிகின்றார்கள். அறுவடைக் காலத்தில் நெல்லின் விலை தெரியாமல் தரகரிடம் விற்பது, இரவில் யானை வருவது தெரியாமல் பயிரை இழப்பது, மதகு திறக்கும் செய்தி கடைக்கோடி வயலுக்குப் பிந்தி வருவது ஆகிய இவற்றை எம்மைவிட அறிந்தவர் யார்? எமது பிள்ளை ஒருவர் அந்தக் குழுவில் இருந்தால், அப்பிரச்சினை அங்கே போய்ச் சேரும்.

மதகு திறக்கும் நாளை மற்றவர்கள் தீர்மானித்த பின்னர் வாய்க்காலில் நின்று சண்டை பிடித்துப் பயனில்லை. அடுத்த சங்கக் கூட்டத்துக்கு வரும்போது கொப்பி ஒன்றும் பேனை ஒன்றும் கொண்டு வாருங்கள். முதற் பக்கத்தில் பிள்ளைகளின் பெயர்களை எழுதத் தொடங்குவோம்.