காசு கொடுத்து வாங்கிய கேம், ஆனா டவுன்லோட் ஆகாது! கன்சோல் தடையும் நுகர்வோர் உரிமையும் - முழு விளக்கம்

கடையில் காசு கொடுத்து கேம் வாங்கியாச்சு. கார்டை கன்சோலில் சொருகியாச்சு. அடுத்து கேம் ஓடணும், அதுதானே வழக்கம்? ஆனால் நிண்டெண்டோ ஸ்விட்ச் 2 வைத்திருந்த சிலருக்கு திரையில் வந்தது 2124-4508 என்ற எண்தான். இந்த கன்சோலில் ஆன்லைன் சேவைகளை நிண்டெண்டோ கட்டுப்படுத்தியிருக்கிறது என்பது அதற்கு அர்த்தம்.

2025 ஜூன் 5-ம் தேதி ஸ்விட்ச் 2 விற்பனைக்கு வந்தது. அமெரிக்காவில் அப்போதைய விலை 449.99 டாலர். இரண்டு வாரம்கூட ஆகவில்லை, தடை விழுந்த கன்சோல்கள் பற்றிய புகார்கள் வரத் தொடங்கிவிட்டன. முதலில் சிக்கியவர்கள் 'மிக் ஃபிளாஷ்' என்ற கருவியைப் பயன்படுத்தியவர்கள். மெமரி கார்டில் இருக்கும் கேம் நகல்களை ஒரிஜினல் கார்ட்ரிட்ஜ் போலவே கன்சோலுக்கு காட்டும் கருவி இது. திருட்டு கேம் விளையாடவும் பயன்படும், சொந்த கேமை நகல் எடுத்து வைக்கவும் பயன்படும். "நான் காசு கொடுத்து வாங்கிய கேமைத்தான் நகல் எடுத்தேன்" என்று சொன்னவர்களுக்கும் தடை விழுந்தது.

திருட்டு கேம் ஆடியவருக்கு தடை போட்டால் அதில் என்ன தப்பு என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். சிக்கல் அங்கே இல்லை.

அன்றைய தடை வேறு, இன்றைய தடை வேறு

2009 நவம்பரில், உள்ளே மாற்றம் செய்யப்பட்ட எக்ஸ்பாக்ஸ் 360 கன்சோல்களை மைக்ரோசாஃப்ட் பெருமளவில் தன் ஆன்லைன் சேவையிலிருந்து வெளியேற்றியது. அப்போதும் பெரிய பரபரப்பு. ஆனால் தடை விழுந்த கன்சோலில் கடையில் வாங்கிய டிஸ்க்கை போட்டால் கேம் ஓடியது. முழு கேமும் டிஸ்க்கிலேயே இருந்ததால் இன்டர்நெட் தேவைப்படவில்லை. நண்பர்களோடு ஆன்லைனில் ஆடத்தான் முடியாமல் போனது.

இப்போ நிலைமை அப்படி இல்லை. 2022-ல் வந்த 'கால் ஆஃப் டூட்டி: மாடர்ன் வார்ஃபேர் 2' கேமின் பிளேஸ்டேஷன் 5 டிஸ்க்கில் இருந்தது சுமார் 70 எம்பி. வாட்ஸ்அப்பில் வரும் ஒரு கல்யாண வீடியோ இதைவிட பெரிதாக இருக்கும்! மீதி எல்லாம் டவுன்லோட். 2025-ல் வந்த 'டூம்: தி டார்க் ஏஜஸ்' டிஸ்க்கிலும் சுமார் 85 எம்பிதான் இருந்தது.

ஸ்விட்ச் 2 இதற்கு ஒரு பெயரே வைத்துவிட்டது: 'கேம் கீ கார்டு'. பார்க்க கார்ட்ரிட்ஜ் மாதிரியே இருக்கும். உள்ளே கேம் இருக்காது, கேமைத் திறக்கும் சாவி மட்டும்தான் இருக்கும். முதல் தடவை சொருகும்போது இன்டர்நெட் வழியாக முழு கேமையும் இறக்க வேண்டும். அதற்குப் பிறகு கார்டு உள்ளே இருந்தால் இன்டர்நெட் இல்லாமலும் ஆடலாம். 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6', 'ஹாக்வார்ட்ஸ் லெகசி' போன்ற கேம்கள் இந்த வகையில்தான் ஸ்விட்ச் 2-க்கு வந்தன. அட்டைப்பெட்டியின் முன்பக்கமே அதை அச்சடித்திருக்கிறார்கள், மறைக்கவில்லை. இந்தக் கார்டை மற்றவருக்கு விற்கவும் செய்யலாம்.

ஆனால் கன்சோலுக்கு தடை விழுந்தால்? டவுன்லோட் நடக்காது. டவுன்லோட் நடக்காவிட்டால் கையில் இருப்பது ஒரு பிளாஸ்டிக் துண்டு. ஆன்லைன் சேவையை நிறுத்துகிறோம் என்ற பெயரில் போடப்படும் தடை, கடையில் காசு கொடுத்து வாங்கிய பொருளையே பயனற்றதாக்கிவிடுகிறது. நுகர்வோர் உரிமை என்ற பேச்சு இங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஒரு விஷயத்தைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். இந்தத் தடை கன்சோலுக்கு, உங்கள் கணக்குக்கு அல்ல. கணக்கில் வாங்கிய டிஜிட்டல் கேம்களை வேறொரு கன்சோலில் இறக்கிக்கொள்ளலாம். அதாவது இன்னொரு கன்சோல் வாங்க காசு இருந்தால்!

தப்பே செய்யாதவர் எப்படி சிக்கினார்?

ஒவ்வொரு ஒரிஜினல் கார்ட்ரிட்ஜுக்குள்ளும் அதற்கென்று தனி அடையாளச் சான்று ஒன்று இருக்கிறது. வண்டிக்கு சேசிஸ் நம்பர் மாதிரி. ஒருவர் தன் கார்ட்ரிட்ஜை நகல் எடுத்தால் அந்த அடையாளமும் சேர்ந்தே நகலாகும். பிறகு ஒரிஜினலை செகண்ட் ஹேண்டில் விற்றுவிட்டு, நகலை மிக் ஃபிளாஷில் போட்டு ஆடிக்கொண்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரே அடையாளம் இரண்டு கன்சோல்களில் இருந்து ஆன்லைனுக்கு வருகிறது. எது அசல், எது நகல் என்று சர்வருக்கு எப்படி தெரியும்? ஒரே நம்பர் பிளேட்டில் இரண்டு வண்டி ஓடினால் போலீஸ் இரண்டையும்தான் ஓரம் கட்டும்.

2025 கோடையில் அமெரிக்காவில் இதுதான் நடந்தது. ஒருவர் ஆன்லைன் சந்தையில் பழைய ஸ்விட்ச் கேம்கள் நான்கை வாங்கி, தன் புது ஸ்விட்ச் 2-ல் போட்டு அப்டேட் செய்தார். அடுத்த நாள் கன்சோலுக்கு தடை. நல்ல வேளையாக அவரிடம் விற்பனை விளம்பரமும் கார்ட்ரிட்ஜ்களின் போட்டோவும் இருந்தன. வாடிக்கையாளர் சேவையிடம் அவற்றைக் காட்டியதும் தடை நீக்கப்பட்டது. தான் குற்றமற்றவர் என்பதை வாங்கியவரே நிரூபிக்க வேண்டியிருந்தது என்பதையும் கவனிக்க வேண்டும்.

இன்னொரு வகை சிக்கல், தடை விழுந்த கன்சோலையே தெரியாமல் வாங்குவது. தடை போடப்பட்ட ஸ்விட்ச் 2-வை ஒருவர் கடையில் திருப்பிக் கொடுக்க, அது மறுபடி ஷெல்ஃபுக்கு வந்து அடுத்தவர் தலையில் விழுந்த சம்பவமும் அமெரிக்காவில் பதிவானது. ஃபேக்டரி ரீசெட் செய்தாலும் தடை போகாது. தடை இருப்பது கன்சோலின் நினைவகத்தில் அல்ல, நிறுவனத்தின் சர்வரில்.

'ஓகே' அழுத்தினீர்களே, அதில் என்ன இருந்தது?

2025 மே மாதம், ஸ்விட்ச் 2 வருவதற்கு சில வாரங்களுக்கு முன், நிண்டெண்டோ தன் அமெரிக்கப் பயனர் ஒப்பந்தத்தை மாற்றியது. விதிமீறல் நடந்தால் கணக்கு சேவைகளை மட்டுமல்ல, கருவியையே முழுமையாகவோ பகுதியாகவோ நிரந்தரமாகப் பயனற்றதாக்கலாம் என்ற வாசகம் அதில் சேர்ந்தது. கருவியையே என்றால், கைக்காசில் வாங்கிய கன்சோலை!

ஐரோப்பாவுக்கான ஒப்பந்தத்தில் இந்த அளவுக்குப் போகவில்லை. அங்கே அனுமதியில்லாத பயன்பாட்டால் டிஜிட்டல் தயாரிப்பு பயனற்றதாகலாம் என்று மட்டும் இருக்கிறது, கருவி என்ற சொல் இல்லை. ஒரே நிறுவனம், ஒரே கன்சோல், ஆனால் ஊருக்கு ஒரு வாசகம். பெருந்தன்மை காரணமாக இருக்க வாய்ப்பு குறைவு. அங்கே நுகர்வோர் சட்டம் கடுமையானது.

பேரம் பேச வாய்ப்பே இல்லாத ஒப்பந்தத்தில் நுகர்வோருக்கு அநியாயமான விதி இருந்தால், அது அவரைக் கட்டுப்படுத்தாது என்கிறது ஐரோப்பாவின் 93/13 வழிகாட்டுச் சட்டம், 1993-லேயே. நீங்கள் 'ஓகே' அழுத்தியிருந்தாலும்தான். பிறகு வந்த 2019/771 சட்டம் ஒரு படி மேலே போனது. டிஜிட்டல் அம்சத்தோடு விற்கப்படும் பொருள் சொன்னபடி வேலை செய்யாவிட்டால் அதை விற்ற கடைக்காரரே பொறுப்பு, குறைந்தது 2 ஆண்டுகளுக்கு. வாங்கும்போதே தடை விழுந்திருந்த கன்சோலை ஒரு கடை விற்றால், "அது கம்பெனி பிரச்சினை, எங்களுக்கு சம்பந்தமில்லை" என்று கைகழுவுவது அங்கே கஷ்டம்.

நிண்டெண்டோவே போன வழக்கு

இந்த விவாதத்தில் பலரும் மறந்துபோன தீர்ப்பு ஒன்று இருக்கிறது. டிஎஸ், வீ கன்சோல்களின் பாதுகாப்பு பூட்டைத் தாண்டும் கருவிகளை இத்தாலியில் விற்ற 'பிசி பாக்ஸ்' என்ற நிறுவனத்தின் மீது நிண்டெண்டோ வழக்கு போட்டது. மிலான் நீதிமன்றம் சட்ட விளக்கம் கேட்டு ஐரோப்பிய யூனியன் நீதிமன்றத்துக்கு அனுப்ப, 2014 ஜனவரி 23-ம் தேதி தீர்ப்பு வந்தது.

கேம் திருட்டைத் தடுக்கும் பூட்டுக்கு சட்டப் பாதுகாப்பு உண்டு, அந்தப் பூட்டு கார்ட்ரிட்ஜில் பாதியும் கன்சோலில் பாதியுமாக இருந்தாலும் சரி என்றது நீதிமன்றம். அதுவரை நிண்டெண்டோவுக்கு சாதகம். அடுத்துதான் திருப்பம். அந்தப் பூட்டு திருட்டைத் தடுக்கத் தேவையான அளவைத் தாண்டக்கூடாது, சட்டப்படியான மற்ற பயன்பாடுகளை வீணாகத் தடுக்காத வேறு வழி இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும் என்று சொன்னது.

அந்த வழக்கு பூட்டைப் பற்றியது, தடையைப் பற்றியது அல்ல. ஆனாலும் அளவு மீறக்கூடாது என்ற அதே கேள்வியை இங்கேயும் கேட்கலாம். திருடியவரை ஆன்லைன் போட்டிகளில் இருந்து நீக்குவது ஒன்று. கடையில் வாங்கிய கேம் கீ கார்டைக்கூட இறக்க விடாமல் செய்வது இன்னொன்று. இரண்டாவது தேவைதானா?

மற்ற நாடுகள்

பிரேசிலின் சாவோ பாலோ மாநில நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான 'ப்ரோகான்' 2025-ல் நேரடியாகக் களமிறங்கியது. கருவியையே முடக்கலாம் என்ற விதி நுகர்வோருக்கு எதிரானது என்று சொல்லி நிண்டெண்டோவுக்கு நோட்டீஸ் அனுப்பியது. 1990-ம் ஆண்டு நுகர்வோர் சட்டப்படி, அங்கே இப்படிப்பட்ட விதிகள் செல்லாது என்று அறிவிக்க வழி இருக்கிறது.

ஆஸ்திரேலியாவில் மாட்டியது சோனி. டவுன்லோட் செய்துவிட்டால் அல்லது 14 நாள் தாண்டிவிட்டால் பணம் திரும்பத் தர வேண்டியதில்லை என்று பிளேஸ்டேஷன் வாடிக்கையாளர்களிடம் தவறாகச் சொன்னதற்காக, 2020 ஜூனில் 35 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் போட்டது ஃபெடரல் நீதிமன்றம். கேமில் குறை இருந்தால், நிறுவனத்தின் விதியைவிட நாட்டின் சட்டமே மேலே.

அமெரிக்காவில்தான் நிலைமை மந்தம். பயனர் ஒப்பந்தங்களில் நீதிமன்றத்துக்குப் பதில் சமரசத் தீர்ப்பாயம் என்ற விதி சகஜம். கலிபோர்னியா மட்டும் 2025 ஜனவரி 1 முதல் ஒரு சின்ன மாற்றம் கொண்டுவந்தது. டிஜிட்டல் கேமை விற்கும்போது, கிடைப்பது உரிமம் மட்டுமே என்று தெளிவாகச் சொல்லாமல் 'வாங்குங்கள்' என்ற பட்டனைப் போடக்கூடாது. தெரிந்து ஏமாறலாம், தெரியாமல் ஏமாற வேண்டாம் என்ற அளவுக்குத்தான் அது.

இந்தியாவில் என்ன செய்யலாம்?

இங்கே நிண்டெண்டோவுக்கு அதிகாரப்பூர்வ விற்பனை இல்லை. சென்னையில் கிடைப்பது இறக்குமதி சரக்கு. கம்பெனியைப் பிடிப்பது சிரமம், ஆனால் பில் போட்டு விற்ற கடைக்காரர் இங்கேதான் இருக்கிறார். பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் என்றால் நிறுவனங்களும் இங்கே இருக்கின்றன.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, 'நியாயமற்ற ஒப்பந்தம்' என்பதற்கு தனி வரையறை தருகிறது. தகுந்த காரணம் இல்லாமல் ஒரு தரப்பு மட்டும் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ள இடம் தரும் விதியும் அதில் அடக்கம். ஒரு சின்ன சூட்சுமம் இருக்கிறது. கன்சோல் குறையுள்ளது என்ற புகார் என்றால் மாவட்ட ஆணையத்துக்குப் போகலாம். ஒப்பந்தமே நியாயமற்றது என்று வாதிட வேண்டுமென்றால் மாநில ஆணையத்துக்குத்தான் போக வேண்டும். நீங்கள் வசிக்கும் ஊரிலேயே புகார் தரலாம், கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது, காலக்கெடு 2 ஆண்டு. அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் ஒரு புகார் பதிந்து வைப்பது நல்லது.

தனிநபரிடம் வாங்கினால் இந்தச் சட்டம் பொதுவாகக் கைகொடுக்காது. வீட்டில் சும்மா கிடந்த கன்சோலை விற்றவர் வியாபாரி இல்லையே. அப்புறம் சிவில் வழக்குதான்.

அதனால் செகண்ட் ஹேண்ட் கன்சோல் வாங்கப் போகிறவர்கள் பணம் கொடுக்கும் முன்பே அதை ஆன் செய்து, உங்கள் மொபைல் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து, ஆன்லைன் கடையைத் திறந்து பாருங்கள். "இங்க நெட் இல்ல, வீட்ல போய் பாத்துக்கோங்க" என்று விற்பவர் சொன்னால் உஷார். பழைய கார்ட்ரிட்ஜ் வாங்கினால் விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், பணம் அனுப்பிய ரசீது, கார்டின் இரண்டு பக்க போட்டோ ஆகியவற்றை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அந்த அமெரிக்கருக்கு தடையை நீக்கித் தந்தவை இப்படிப்பட்ட ஆதாரங்கள்தான்.