யூபிலி என்னும் சொல்

வெள்ளி விழா, பொன் விழா, வைர விழா என நாம் வெவ்வேறாக வழங்குவனவற்றை ஆங்கிலர் யூபிலி என்னும் ஒரு சொல்லில் அடக்குவர். விழா மலரைக் கையிலேந்தும் இவ்வேளையில் அச்சொல்லின் வரலாற்றை ஒருசிறிது ஆராய்வாம்.

இதன் வேர் எபிரேய மொழியில் உள்ளது. அங்கு ‘யோபேல்’ என்பது ஆட்டுக்கடாவையும், அதன் கொம்பாலாகிய ஊதுகருவியையும் குறிக்கும். யூதரின் பண்டைச் சட்டப்படி, ஏழேழாண்டுகள் கழிந்தபின் வரும் 50ஆம் ஆண்டு கொம்பூதி அறிவிக்கப்படும். அவ்வாண்டில் அடிமைப்பட்ட இசுரவேலர் விடுதலையுற்றுத் தம் குடும்பத்தாரைச் சேர்வர். வறுமையால் விற்ற காணி உரியவரிடம் மீளும். உழவும் விதைப்பும் ஓய்ந்திருக்கும். எனவே ஆதியில் யூபிலி குறித்த பொருள் விடுதலையும் மீட்சியுமேயாம்.

அங்ஙனமாயின் களிப்பு எவ்வாறு வந்து சேர்ந்தது? கிரேக்கத்தின் வழியே இச்சொல் இலத்தீனுட் புகுந்தபோது, மகிழ்ந்து ஆர்ப்பரித்தலைக் குறிக்கும் ‘யூபிலாரே’ என்னும் வினை ஆங்கு முன்னரே வழங்கிற்று. ஒலியொப்புமையால் இரண்டும் கலந்தன. 1300இல் பாப்பரசர் எட்டாம் பொனிபாஸ் உரோமையில் யூபிலி ஆண்டை நிறுவினார். நூறாண்டுக்கு ஒருமுறை என விதித்த அது பின்னர் ஐம்பதாகவும், 1470இல் இருபத்தைந்தாகவும் குறுகிற்று. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தை அடைந்த இச்சொல், விக்டோரியா மகாராணியாரின் 1887, 1897ஆம் ஆண்டு விழாக்களால் உலகெங்கும் பரவிற்று. நாமோ ‘விழா’ என மொழிபெயர்த்து, களிப்பை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

எனினும் பழைய பொருள் மாயவில்லை. அமெரிக்காவில் அடிமைப்பட்டிருந்த கறுப்பின மக்கள் தம் விடுதலை நாளை யூபிலி என்றே எதிர்நோக்கினர். 1871இல், பணமுடையால் நலிந்த ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தைக் காக்க, அதன் மாணவர் சிலர் ஊரூராகப் பாடப் புறப்பட்டனர். அவருட் பெரும்பாலோர் முன்னர் அடிமைகளாயிருந்தவர். ‘யூபிலிப் பாடகர்’ எனப் பெயர் பூண்டு, இங்கிலாந்துவரை சென்று பாடி ஈட்டிய பொருளால் தம் கல்விக்கூடத்தில் யூபிலி மண்டபத்தையும் எழுப்பினர்.

கல்லூரியொன்றின் யூபிலிக்கு இதனினும் சிறந்த உரை வேண்டுமோ? பழைய மாணவர் கல்லூரிக்கு மீளுதல் மீட்சி. வறுமையாற் படிப்பை நிறுத்தவிருக்கும் ஒரு பிள்ளையை அவர் தாங்கி மேலே படிப்பித்தல் விடுதலை. இவ்விரண்டும் நிகழுமாயின், தோரணங்களை அவிழ்த்த பின்னும் யூபிலி நிலைத்து நிற்கும்.