சுடாத துப்பாக்கி



ஜூஜுவாடி சோதனைச்சாவடியைத் தாண்டி வேலைக்குப் போகிறவர்களுக்கு ‘மேலிடத்து உத்தரவு’ புதிதல்ல. “சென்சாரைக் கழற்றிவிட்டு பிரஸ்ஸை ஓட்டு” என்று மேலிருந்து சொன்னால் சூப்பர்வைசர் என்ன செய்வார்? வீட்டுக்கடன் இருக்கிறதே!

ஹவில்தார் சந்திரசிங் கர்வாலி நினைவுக்கு வருகிறார். முதல் உலகப்போரில் பிரான்சில் போரிட்டவர், கோழையல்ல. 1930 ஏப்ரல் 23, வடமேற்கு எல்லை மாகாணத்துப் பெஷாவர். கான் அப்துல் கபார் கான் கைதானதை எதிர்த்து, கிஸ்ஸா கவானி கடைவீதியில் மக்கள் ஆயுதமின்றித் திரண்டிருந்தார்கள். பெரும்பாலும் முஸ்லிம்கள். எதிரே நின்ற கர்வால் படையினரோ இந்துக்கள். சுடும்படி ஆணை பிறந்தது. “சுடாதீர்கள்” என்றார் இவர். துப்பாக்கிகள் தாழ்ந்தன. வேறு படையினரின் குண்டுகளுக்கு அன்று பலர் பலியானார்கள் என்பது வேறு.

இராணுவ நீதிமன்றம் அவருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. 1931 காந்தி-இர்வின் ஒப்பந்தமும் அவருக்குச் சிறைக்கதவைத் திறக்கவில்லை. படைவீரன் தன் உறுதிமொழியை மீறலாகாது என்றே காந்தியடிகளும் கருதினார். எளிதில் தள்ளக்கூடிய கருத்தல்ல அது. ஆளாளுக்கு ஆணையை மீறினால் படை ஏது?

ஆனால் விடுதலைப் பயண நூலின் முதல் அதிகாரத்தைப் பாருங்கள். ஆண் குழந்தைகளைக் கொல்லச் சொன்ன பார்வோனுக்குச் சிப்ராவும் பூவாவும் பணியவில்லை. அவர்கள் மறுத்தது கொலையை மட்டுமே. கர்வாலியும் அப்படித்தான்: எவரையும் தாக்கவில்லை, தப்பி ஓடவில்லை, தண்டனையை ஏற்றார்.

1941-இல்தான் வெளியே வந்தார். 1979-இல் இறந்தார். 1994-இல் அரசு அவருக்கு அஞ்சல்தலை வெளியிட்டது.