மீன்பிடிப்பே தொடங்காத கடலில் 16 ஆண்டு தடை: ஆர்க்டிக் ஒப்பந்தம் ஏன் முக்கியம்?

ஒரு கடலில் மீன் குறைந்துபோன பிறகுதான் பொதுவாகத் தடை வரும். ஆனா, வணிக மீன்பிடிப்பு இன்னும் தொடங்கவே இல்லாத ஒரு கடலுக்கு முன்கூட்டியே பூட்டுப் போட்டிருக்கிறார்கள். அந்தக் கடல் வட துருவத்தைச் சுற்றி இருக்கிறது. அங்கே என்ன மீன் இருக்கு, எவ்வளவு இருக்கு என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. அதனால் முதலில் ஆராய்ச்சி, பிறகு பார்க்கலாம் மீன்பிடிப்பை என்பதுதான் ஏற்பாடு.

எந்தக் கடல் அது?

கரையில் இருந்து 200 கடல் மைல் வரைக்கும் மீன்பிடி உரிமை அந்தந்த நாட்டுக்குத்தான். ரஷ்யா, நார்வே, கனடா, அமெரிக்கா, டென்மார்க்கின் கிரீன்லாந்து ஆகியவற்றின் எல்லைகளைக் கழித்துவிட்டால், ஆர்க்டிக் பெருங்கடலின் நடுவில் சுமார் 28 லட்சம் சதுர கி.மீ. மிஞ்சும். மத்தியத் தரைக்கடலைவிடச் சற்றுப் பெரிய பரப்பு. எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத சர்வதேசக் கடல் அது.

பனிக்கட்டி மூடியிருந்தவரை அந்தப் பக்கம் போக யாருக்கும் வழியில்லை. இப்போது நிலைமை மாறுகிறது. செயற்கைக்கோள்கள் 1979-ல் இருந்து தொடர்ந்து அளந்து வருகின்றன. கோடை முடிந்து செப்டம்பரில் மிஞ்சும் பனிப்பரப்பு சுருங்கிக்கொண்டே போகிறது. 2012 செப்டம்பரில் அது சுமார் 34 லட்சம் சதுர கி.மீ. ஆனது. அந்தக் கால கோடைகளில் இந்த நடுக்கடலின் 40 சதவீதம் வரை திறந்த நீராக இருந்தது. பனி விலகினால் கப்பல் வரும், கப்பல் வந்தால் வலையும் வரும்.

முன்பு நடந்த தப்பு

இந்தப் பயத்துக்கு ஒரு பழைய கதை உண்டு. அலாஸ்காவுக்கும் ரஷ்யாவுக்கும் நடுவே இருப்பது பெரிங் கடல். இரு நாட்டு எல்லைகளுக்கும் இடையில் அங்கே ஒரு சர்வதேசக் கடல்பகுதி உண்டு. வடையில் இருக்கும் ஓட்டை மாதிரி நடுவில் இருப்பதால் ‘டோனட் ஓட்டை’ என்றே அதற்குப் பெயர்.

1980-களில் ஜப்பான், தென் கொரியா, போலந்து, சீனா, சோவியத் யூனியன் கப்பல்கள் அங்கே பொல்லாக் மீனை அள்ளின. உச்சத்தில் ஆண்டுக்கு 14 லட்சம் டன் வரை போனது. 1992-ல் அது 20 ஆயிரம் டன்னுக்கும் கீழே விழுந்தது. அதன்பிறகு மீன்பிடிப்பை நிறுத்தினார்கள், 1994-ல் ஒப்பந்தமும் போட்டார்கள். ஆனா, அங்கே வணிக மீன்பிடிப்பு திரும்பத் தொடங்கும் அளவுக்கு மீன் பெருகவே இல்லை. வெள்ளம் வடிந்த பிறகு போட்ட அணை அது.

ஆர்க்டிக்கிலும் அதே நடக்கக்கூடாது என்று 2012-ல் 67 நாடுகளைச் சேர்ந்த 2,000-க்கும் மேற்பட்ட விஞ்ஞானிகள் கூட்டாகக் கடிதம் எழுதினார்கள். 2015-ல் ஆர்க்டிக் கரையோர நாடுகள் ஐந்தும் ஓஸ்லோவில் முதல் அறிவிப்பைக் கொடுத்தன. ஆனா தொலைதூர மீன்பிடிக் கப்பல்களை வைத்திருப்பது மற்ற நாடுகளும்தானே? அதனால் சீனா, ஜப்பான், தென் கொரியா, ஐஸ்லாந்து, ஐரோப்பிய ஒன்றியம் ஆகியவையும் பேச்சுவார்த்தைக்கு வந்தன.

ஒப்பந்தம் என்ன சொல்கிறது?

2018 அக்டோபர் 3-ல் கிரீன்லாந்தின் இலுலிசாட் நகரில் 10 தரப்புகள் கையெழுத்திட்டன. 2021 ஜூன் 25-ல் ஒப்பந்தம் அமலுக்கு வந்தது. முக்கிய அம்சங்கள்:

• முதல் 16 ஆண்டுகளுக்கு அங்கே முறைப்படுத்தப்படாத வணிக மீன்பிடிப்பு கிடையாது.

• எல்லோரும் சேர்ந்து ஒரே ஆராய்ச்சி, கண்காணிப்புத் திட்டத்தை நடத்த வேண்டும். கிடைக்கும் தரவுகளைப் பகிர்ந்துகொள்ள வேண்டும்.

• ஆர்க்டிக் பூர்வகுடி மக்களின் பாரம்பரிய அறிவையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

ஆராய்ச்சி அவ்வளவு கஷ்டமா?

கஷ்டம்தான். பனி உடைப்புக் கப்பல் இல்லாமல் உள்ளே போக முடியாது. மீன் கூட்டத்தை ஒலி அலையால் கண்டறியும் கருவி உண்டு. ஆனா, பனியை உடைக்கும் சத்தமே அந்தக் கருவிக்கு இடைஞ்சல். குளிர்காலத்தில் மாதக்கணக்கில் சூரியனும் கிடையாது. எந்த ஒரு நாடும் தனியாகச் செய்து முடிக்கிற வேலை இல்லை இது.

2019 செப்டம்பரில் ஜெர்மனியின் ‘போலார்ஸ்டெர்ன்’ கப்பல் பனிக்கட்டியோடு சேர்ந்து உறைந்து, அதனுடனே ஓராண்டு மிதந்தது. 20 நாடுகள் பங்கெடுத்த ‘மொசைக்’ ஆய்வு அது. எதிர்பாராத விதமாக அட்லாண்டிக் காட் மீன்கள் சில அங்கே கிடைத்தன. ஆனா, மொத்த மீன் அளவு ரொம்பவே குறைவு. லாபகரமாகப் பிடிக்கும் அளவுக்கு இல்லை என்று 2022-ல் ஆய்வு முடிவு வந்தது.

போர் வந்தபோது என்ன ஆச்சு?

2022 பிப்ரவரியில் உக்ரைன் மீது ரஷ்யா படையெடுத்தது. அடுத்த மாதமே ஆர்க்டிக் கவுன்சிலின் மற்ற ஏழு உறுப்பினர்களும் அதன் பணிகளை நிறுத்திவைத்தார்கள். ரஷ்யாவுடனான பல கூட்டு ஆய்வுகளும் நின்றன. ஆர்க்டிக் கடற்கரையில் பாதிக்கு மேல் ரஷ்யாவிடம் இருக்கிறது. அந்தப் பக்கத் தரவு வராவிட்டால் மீன் கணக்கு பாதிக் கணக்குதான்.

அப்படி இருந்தும் மீன்பிடி ஒப்பந்தம் உடையவில்லை. தரப்புகளின் முதல் கூட்டம் அதே ஆண்டு நவம்பரில் தென் கொரியாவின் இஞ்சியோன் நகரில் நடந்தது.

இந்தியா எங்கே?

இந்த ஒப்பந்தத்தில் இந்தியா இல்லை. ஆனா, 2013-ல் இருந்து ஆர்க்டிக் கவுன்சிலில் பார்வையாளர். நார்வேயின் ஸ்வால்பார்டில் ‘ஹிமாத்ரி’ ஆய்வு நிலையம் 2008 முதல் இயங்குகிறது. 2014-ல் அங்குள்ள கடல் குடாவில் ‘இண்டார்க்’ என்ற கண்காணிப்பு அமைப்பு நீருக்கடியில் இறக்கப்பட்டது. நீரின் வெப்பநிலை, உப்புத்தன்மை போன்றவற்றை அளக்கும் அந்த அமைப்பில் சென்னையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகத்தின் பங்கு பெரியது. அட்லாண்டிக்கின் வெதுவெதுப்பான நீர் ஆர்க்டிக்குக்குள் நுழையும் பாதையை ஒட்டிய இடம் அது. ஒப்பந்தத்தில் அக்கறை உள்ள வேறு நாடுகளைப் பின்னர் சேர்த்துக்கொள்ளவும் விதி இருக்கிறது.

2037-ல் என்ன ஆகும்?

16 ஆண்டு 2037 ஜூனில் முடிகிறது. யாரும் ஆட்சேபிக்காவிட்டால் தடை ஐந்தைந்து ஆண்டாகத் தானே நீளும். ஆனா, 10 தரப்பில் ஒன்று ஆட்சேபித்தாலும் நீளாது. அந்த நேரத்தில் மேஜையில் நம்பகமான மீன் கணக்கு இருந்தால், திறக்கலாமா வேண்டாமா என்று கணக்கை வைத்துப் பேசலாம். இல்லாவிட்டால், பனி விலகிய கடலின் மீது யாருடைய கப்பல் முதலில் என்ற போட்டிதான் மிஞ்சும். டோனட் ஓட்டையிலும் அப்படித்தான் தொடங்கியது.